மாஸ்கில்கள் நிற்கும் புல்வெளி

“பேருன்னா எங்கேருந்து வருது, டெரிக்?”

“நம்ம பேரு மலையிலேருந்து இறங்கி வந்துச்சு கண்ணு. கெட்டில்பெக் ஊருக்கு மேல ஒரு சதுப்பு நிலம் இருக்கு. அதை ஒட்டி ஒரு ஓடை, பாறையை அறுத்துக்கிட்டு ஓடும். அந்தக் காலத்துப் பேச்சுல சதுப்புக்கு மாஸ், ஓடைப் பள்ளத்துக்கு கில். அங்க ஒரு பண்ணை. அந்தப் பண்ணையில ஒரு தாமஸ். ஊர்ல இன்னும் மூணு நாலு தாமஸ் இருந்திருப்பாங்க. வரி வசூலிக்க வந்தவன் எந்த தாமஸ்னு கேட்டான். மாஸ்கில் தாமஸ்னு சொன்னாங்க. ஒட்டிக்கிச்சு.”

“அவர் வரி கட்டினாரா?”

“கட்டியிருக்க மாட்டான். யார்க்‌ஷயர்காரன், கைய விட்டுக் காசு போகாது.”

ஹெதருக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா மாரீன் டெரிக் மாஸ்கிலைக் கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹாலிஃபாக்ஸில் டெரிக்கின் வீட்டுச் சமையலறைச் சுவர் முழுக்க இங்கிலாந்தின் வரைபடம் ஒன்று தொங்கியது. உயிரோடு இருக்கும் ஒவ்வொரு மாஸ்கிலுக்கும் அதில் ஒரு சிவப்புத் தலைக் குண்டூசி. பண்ணையைச் சுற்றி அம்மை போட்டதுபோல் ஊசிகள் நெருங்கிக் கிடந்தன. அங்கிருந்து நூற்பாலைகள் இழுத்த ஹாலிஃபாக்ஸுக்கும், மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரில் இருக்கும் பர்ன்லிக்கும், நிலக்கரி இழுத்த டர்ஹமுக்கும் சிதறியிருந்தன. லண்டனில் ஏதோ வழி தவறியவை போல இரண்டு மூன்று. கனடா வரைபடத்துக்கு வெளியே என்பதால் அந்த ஊசிகள் குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஒரு தக்கையில் குத்தப்பட்டிருந்தன. டெரிக்கும் மாரீனும் ஹாலிஃபாக்ஸில் இரண்டு ஊசிகளாக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

“இதுல நான் எங்க?” என்று கேட்டாள் ஹெதர்.

டெரிக் எந்தக் கேள்வியையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார். “நீ பிளம்ஃபோர்ட், இல்லையா. அது உங்கப்பா வழிப் பேரு. அவங்க ஆளுங்க தெற்குப் பக்கம். அதுக்கு வேற படம் வேணும்” என்றார். அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவர் கையில் சுருட்டிய புது வரைபடம் ஒன்றும், ஒரு சிறிய பெட்டி நிறைய நீலத் தலைக் குண்டூசிகளும் இருந்தன. “இது உனக்கே உனக்கு” என்றபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ஹெதரால் இன்றைக்கும் மறக்க முடியாது. அம்மா நன்றி சொல்லச் சொன்னாள், ஹெதரும் சொன்னாள். பிறகு குளியலறைக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

இப்போது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. ஹாலிஃபாக்ஸில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். மாஸ்கில்களின் வருடாந்திரக் கூட்டத்துக்கு டெரிக்கைக் கூட்டிப்போவது அந்தக் கற்றுக்கொடுக்கும் காரில்தான். அதில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. டெரிக்குக்கு அது வேண்டாத வசதி. எதிரே ஒரு லாரி வந்தாலும் மிதித்துவிடுவார்.

ஜூலை, கோடைக்காலம் என்று நாட்காட்டி மட்டும்தான் சொன்னது. மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. ஆடுகளை ஏற்றிய வண்டி ஒன்று அவர்களுக்கு முன்னால் ஊர்ந்தது. பின்சீட்டில் பன்றி இறைச்சி வைத்துச் சுட்ட பண்டமும் இஞ்சிக் கேக்கும் மணத்தன. வழக்கமாக இந்தப் பாதையில் டெரிக் வாய் மூடமாட்டார். இந்தக் கல் சுவரை எந்த மாஸ்கில் கட்டினான், அந்த மதுக்கடையில் எந்த மாஸ்கில் பல்லை இழந்தான் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்லுவார். இன்று ஸ்கிப்டன் தாண்டியும் ஒரு வார்த்தை இல்லை. எழுபத்தொன்பது வயது. பிப்ரவரியில் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்தே கொஞ்சம் ஒடுங்கித்தான் போயிருந்தார்.

அவர் விழுந்த அன்று மருத்துவமனை முகப்பில் இருந்த பெண் ஹெதரிடம் நீங்கள் யார் என்று கேட்டாள். “பொண்ணு” என்றாள் ஹெதர். அந்தப் பெண் திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள், ஹெதர் சொன்ன பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், தப்பாக எதுவும் சொல்லவில்லை. “ஓ, சரி” என்று மட்டும் சொன்னாள். அந்த ‘ஓ’ ஹெதரின் தொண்டையில் மீன் முள்போல நின்றுவிட்டது. அம்மா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அம்மா இருந்தவரை அம்மாவின் கணவர், அம்மாவின் மகள் என்று இருவரையும் கோக்க ஒரு நூல் இருந்தது. இப்போது ஞாயிறு மதியம் அவள் அவருக்கு மாட்டிறைச்சி வாட்டிக்கொடுக்கிறாள், அவர் அவள் வீட்டுச் சொட்டுக் குழாயைச் சரிசெய்கிறார். இந்த உறவுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியாது. தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கேட்டுவிடலாம் என்று பதினாறு வயதிலும் நினைத்தாள், அம்மாவை அடக்கம் செய்த அன்றும் நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அந்த நீல ஊசிப் பெட்டி கண்முன் வந்து நின்றது. வாழ்நாள் முழுக்க ரத்த உறவுகளை எண்ணிக்கொண்டிருக்கும் மனிதரிடம் போய், அந்த ரத்தம் இல்லாதவள் எதைக் கேட்பது?

“ஹெதர்” என்றார் டெரிக்.

“சொல்லுங்க.”

“நான் மாஸ்கில் இல்ல.”

சொன்னவர் பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஒலி எழுப்பினான். ஹெதர் கையை ஆட்டி மன்னிப்புக் கேட்டு, வண்டியை ஒரு வயல் வாசலில் ஒதுக்கினாள். “காலை எடுங்க, டெரிக். ரெண்டு காலையும். இப்போ சொல்லுங்க.”

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாஸ்கில் சங்கம் மரபணுச் சோதனை செய்யத் தொடங்கியது அவளுக்குத் தெரியும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்ப வேண்டும், அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஆண் வழி அதில் தெரிந்துவிடும். சங்கத்தை ஆரம்பித்தவர், பண்ணைவரை வம்சத்தைப் பிடித்தவர் என்பதால் முதல் குச்சி டெரிக்குடையது. அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அடுத்ததாகப் பர்ன்லி ஆட்கள் அனுப்பினார்கள். பொருந்தவில்லை. நீங்கள் வேறு வேர், வேறு ஏதோ ஓடைக்கரை மாஸ்கில் என்று டெரிக்கே அவர்களிடம் மரியாதையாகச் சொன்னார். அன்றிலிருந்து பர்ன்லிக்காரர்கள் கூட்டத்துக்கு வந்தாலும் தனி மேசையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த குடுவையில் டீ குடித்தார்கள்.

“போன வாரம் ஜெரமி கூப்பிட்டான்.” ஜெரமி பிரிஸ்டலில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல்காரர், சங்கத்தின் சோதனை வேலையெல்லாம் அவர் கையில். “கனடாலேருந்து ஒரு கிழவர் குச்சி அனுப்பியிருக்கார். அவங்க தாத்தா நேரா பண்ணையிலேருந்தே கப்பலேறினவர். சந்தேகமே இல்லாத மாஸ்கில். அவர் பர்ன்லியோட பொருந்தறார். இந்த வருஷம் புதுசா அனுப்பின டர்ஹமோடவும் பொருந்தறார். எல்லாரும் எல்லாரோடவும் பொருந்தறாங்க. நான் ஒருத்தன்தான் யாரோடவும் இல்ல. அளவுகோலே கோணல், ஹெதர். அந்தக் கோணலை வெச்சுக்கிட்டு நான் போய் பர்ன்லி பெரில்கிட்ட, நீ வேற ரத்தம்மான்னு சொல்லியிருக்கேன்.”

ஆட்டு வண்டி போன பாதையில் மழை மட்டும் இருந்தது. அவர் நாற்பது வருஷமாகக் கல்லறைத் தோட்டங்களில் மண்டியிட்டுப் பாசியைச் சுரண்டிப் படித்த முன்னோர்கள் எல்லாம் வேறு யாருடைய முன்னோர்களோ. அழ வேண்டிய செய்திதான். ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று, இறுக்கிக் கட்டிய காலணி நாடாவைத் தளர்த்தியதுபோல் நெகிழ்ந்தது. அதை உணர்ந்ததும் வெட்கமாகிவிட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தை மாற்றினாள்.

“ரொம்ப வருத்தமா இருக்கா?”

“வருத்தம்னு இல்ல. பெரில் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னுதான் தெரியல. இன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடணும். ஜெரமி சொல்றேன்னான். வேண்டாம்னுட்டேன். நான் சொன்னதை நான்தான் திருப்பி வாங்கணும்.”

கெட்டில்பெக் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூடத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் டீயும் கலந்த வாசனை. டெரிக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு டீக் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நீட்டவில்லை, சமாதானம் சொல்லவில்லை. கடைசியில் தனி மேசைப் பக்கம் திரும்பி, “பெரில், நார்மன், உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்” என்று முடித்தார்.

பெரில் எழுந்தாள். முப்பது வருஷம் பர்ன்லியில் மீன்வறுவல் கடை நடத்தியவள். வரிசையின் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும் குரல். ஹெதர் தன்னையறியாமல் டெரிக்குக்கு அருகே ஓரடி நகர்ந்தாள்.

“அப்போ இத்தனை வருஷமா நாங்கதான் அசலு?”

“ஆமாம்மா.”

“நீ?”

“நான் யாருன்னு தெரியல.”

பெரில் தன் அண்ணன் பக்கம் குனிந்தாள். நார்மனுக்குக் காது மந்தம். “கேட்டியா நார்மன்? இவன் நம்ம ஆளே இல்லையாம்!”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றார் நார்மன், கூடமே அதிர. “இவன் போடற டீயைக் குடிச்சவன் எவனும் சொல்லிடுவான்.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. அநேகமாக டர்ஹம் பக்கம். பிறகு கூடமே சிரித்தது. டெரிக் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஒரு வாரப் பாரம் அவரிடமிருந்து இறங்குவதை ஹெதர் கண்ணால் பார்த்தாள். தோள்கள் இரண்டும் கோட்டுக்குள் தளர்ந்து, பிப்ரவரிக்கு முந்தைய டெரிக் ஆகிவிட்டார்.

“எப்படி ஆகியிருக்கும்?” என்று யாரோ கேட்டதற்கு ஜெரமி கையை விரித்தார். “எந்தத் தலைமுறைன்னே சொல்ல முடியாது. வாடகைக்குத் தங்கினவன் யாராவது இருந்திருக்கலாம். எடுத்து வளர்த்த பிள்ளையா இருக்கலாம்.”

“எதுவா இருந்தா என்ன” என்றாள் பெரில், டெரிக்கின் இஞ்சிக் கேக்கில் ஒரு துண்டை அனுமதி கேட்காமல் எடுத்துக்கொண்டே. “யாரோ ஒருத்தி ஒரு பிள்ளைக்கு ரொட்டியும் குடுத்து, பேரையும் குடுத்திருக்கா. குடுத்ததைப் போய் இப்ப யாரு திருப்பிக் கேக்கப் போறா? டெரிக், இந்தக் கேக்கு காஞ்சு போச்சு. பேசாம அடுத்த வருஷம் நான் கொண்டாறேன்.”

வாயில் கேக்கோடு, கவனமில்லாமல் சொன்ன வார்த்தைதான். ஹெதர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். வேறு யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பர்ன்லிக்காரர்கள் தங்கள் மேசையைத் தூக்கிக் கொண்டுவந்து நடு மேசையோடு இணைத்துக்கொண்டிருந்தார்கள். கால் ஒன்று குட்டை என்று அதற்கடியில் பிஸ்கட் அட்டையை மடித்து வைத்தார்கள்.

மழை விட்டதும் புகைப்படத்துக்குப் போனார்கள். மாஸ்கில்களின் படம் மற்றக் குடும்பப் படங்களைப் போல வரிசையாக நின்று எடுப்பது அல்ல. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் துணி காயப்போடும் நீலக் கயிற்றை முளையடித்து இங்கிலாந்து வரைவார்கள். வேல்ஸ் பக்கம் எப்போதும் வயிறு உப்பியிருக்கும். கார்ன்வால் முனை குட்டையில் முடியும். ஒவ்வொருவரும் தாங்கள் வசிக்கும் ஊரில் போய் நிற்க வேண்டும். கடல் தாண்டியவர்களுக்குச் சரளைப் பாதை. யாராவது ஒருவர் கோபுரத்தின் மேல் ஏறி அங்கிருந்து படம் எடுப்பார். கல்யாணம் ஆகி வந்தவர்களுக்கும் அந்தப் பெயர் இருப்பதால் உள்ளே இடம் உண்டு. நாய்களுக்கும் உண்டு. மாரீன் வளர்த்த பிஸ்கட் என்ற நாய் பதினோரு படங்களில் ஹாலிஃபாக்ஸில் நிற்கிறது.

ஹெதர் ஒன்பது வயதிலிருந்து செய்வது கோட்டுகளைப் பிடித்துக்கொள்வது. படத்தில் மழைக்கோட்டு தெரியக் கூடாது என்பது ஏதோ ஒரு வருஷம் யாரோ சொல்லி நிலைத்துவிட்ட வழக்கம். எல்லாரும் கழற்றி அவள் கையில் அடுக்குவார்கள். கயிற்றுக்கு வெளியே, கிழக்குக் கடல் இருக்க வேண்டிய இடத்தில் கிடக்கும் மர பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்பாள். எந்தப் படத்திலும் அவள் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் கோட்டுக் குவியலின் ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது.

இன்றும் கைகள் நிறைந்தன. ஈரமும் நாய் முடியும் புகையிலையும் மணக்கும் பாரம். பர்ன்லிக்காரர்கள் இந்த முறை யார்க்‌ஷயர் எல்லையை ஒட்டி, ஏறக்குறைய எல்லை தாண்டியே, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். “அந்தக் காலை எடு நார்மன், அது லீட்ஸ்!” என்று யாரோ கத்தினார்கள். “நான் அசல். எங்க வேணா நிப்பேன்” என்றார் நார்மன்.

அப்போதுதான் தன் பக்கத்தில் யாரோ நிற்பதை ஹெதர் பார்த்தாள். டெரிக் கயிற்றுக்குள் போகவில்லை. பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“என்ன, முட்டி வலிக்குதா?”

“இல்ல. சும்மா பாக்கறேன். இங்கேருந்து நான் பாத்ததே இல்ல.” கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க காத்து ஜாஸ்தி. இத்தனை வருஷம் இங்கேயா நின்ன?”

“கோட்டு இருக்குல்ல. குளிராது.”

அவர் சிரிக்கவில்லை. குவியலிலிருந்து வழுக்கிய ஒரு கோட்டை எடுத்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். பிறகு இன்னொன்று. பிறகு புல்வெளியைப் பார்த்தபடியே, மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

“அந்த நீல ஊசி. பெட்டி இன்னும் பரண்ல இருக்கு. நீ ஒரு ஊசிகூடக் குத்தல.”

ஹெதர் அவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எண்ணிப் பாத்தேன். ஊசியை எண்றதுதானே என் வேலை. ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல. உங்கம்மாகிட்ட கேட்டேன். அவளா சொல்ற வரைக்கும் கேக்காதேன்னா. சரின்னு இருந்துட்டேன். அப்புறம் நீ வளர்ந்துட்ட.”

“டெரிக்!” புல்வெளியிலிருந்து பெரிலின் குரல் வந்தது. “என்னய்யா அங்க நின்னு கதை பேசிக்கிட்டு? ஹாலிஃபாக்ஸ் ஓட்டையா இருக்கு! காத்து நேரா என் இடுப்புல அடிக்குது!”

“என் இடம் எதுன்னு ஜெரமியைக் கேளு!” என்று டெரிக் கத்தினார்.

“ஜெரமி கெடக்கான்! நீ வந்து நில்லு!”

கோபுரத்தின் மேலிருந்தும் கை ஆட்டினார்கள். மேகம் ஒரு பக்கம் கிழிந்து, மலைமேல் பழைய பண்ணையின் சுவர்கள் மட்டும் வெயிலில் தெரிந்தன. கூரை போய் எத்தனையோ காலம். ஆடுகள் உள்ளே போய்வந்துகொண்டிருந்தன. கீழே நீலக் கயிற்றுக்குள் மனிதர்கள் கொத்துக் கொத்தாக, அந்தச் சமையலறைச் சுவரில் இருந்தது போலவே நெருங்கி நின்றார்கள். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் புல் தெரிந்தது. இரண்டு பேர் நிற்கலாம். நாய் இருந்தால் நாயும் நிற்கலாம்.

“போங்க, டெரிக். கூப்பிடறாங்க.”

“போறேன், போறேன்.” ஆனால் அவர் நகரவில்லை. கையில் இருந்த கோட்டுகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். பெஞ்சு முழுக்க ஈரம்.

ஹெதர் தன் கையிலிருந்த பாரத்தை அந்த ஈர பெஞ்சின் மேலேயே போட்டாள். கம்பளிக் கோட்டு, மழைக்கோட்டு, டர்ஹம்காரர் ஒருவரின் விலை உயர்ந்த தோல் கோட்டு, எல்லாம் சரிந்து விழுந்தன. கைகள் திடீரென்று லேசாகிவிட்டதில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் குரல் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்ற சிறுமியின் குரல்தான் வந்தது. ஆனாலும் அது தெளிவாகவே வந்தது.

“எனக்கு நீல ஊசி வேண்டாம், டெரிக். ஒரு சிவப்பு ஊசி குடுங்க. உங்க பேரை எனக்கும் குடுங்க.”